எத்தனை நாள் போகுது?

சில ஆண்டுகளுக்கு முன் ரத்தசோகை பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் படிப்பதற்கான கையேடு. மூலம் புரியாமல் மொழிபெயர்க்கக் கூடாது என்பது என் பழைய பிடிவாதம். அதனால் கையேட்டுக்கு அடிப்படையான ஆவணத்தையும், அதாவது ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2018இல் கொண்டுவந்த ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டத்தின் வழிகாட்டியையும், பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

திட்டத்தை அவர்கள் ‘ஆறு-ஆறு-ஆறு’ என்று அழைக்கிறார்கள். ஆறு பயனாளிப் பிரிவுகள், ஆறு தலையீடுகள், ஆறு நிர்வாக ஏற்பாடுகள். எதுகை மோனை மாதிரி, நினைவில் நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. தலையீடுகளை வரிசையாகத் தமிழாக்கிக்கொண்டே வந்தேன். இரும்புச் சத்து, ஃபோலிக் அமில மாத்திரை. குடற்புழு நீக்கம். பழக்கவழக்கத்தை மாற்றும் பிரச்சாரம். டிஜிட்டல் கருவியில் ரத்தப் பரிசோதனையும் அங்கேயே சிகிச்சையும். அரசுத் திட்டங்களில் வழங்கும் உணவைச் செறிவூட்டுவது. ஆறாவது, உணவு சாராத காரணங்களைக் கவனிப்பது. அப்படியான காரணங்கள் எவை என்பதையும் பெயர் சொல்லியிருந்தது: மலேரியா, ஹீமோகுளோபின் மரபுக் கோளாறுகள், புளூரோசிஸ்.

அந்த இடத்தில் கை நின்றது. ஒரு வரியைத் தவற விட்டுவிட்டேனோ என்று திரும்பவும் மேலே போய்ப் படித்தேன். மலேரியா இருக்கிறது. தண்ணீரில் இருக்கும் புளூரைடுகூட இருக்கிறது. மாதாமாதம் உடம்பிலிருந்து ரத்தம் வெளியேறுகிறதே, அது இல்லை. மாதவிடாய் உள்ளவர்களுக்கு இரும்புச் சத்து அதிகம் வேண்டும் என்பதை எந்த மருத்துவரும் சொல்வார், இந்த ஆவணத்தை எழுதியவர்களுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் மாத்திரை கொடுப்பதற்கான நியாயமாக அது இருப்பது வேறு, கேட்டறிந்து சிகிச்சை தர வேண்டிய ஒரு காரணமாக இருப்பது வேறு. ஆறு தலையீடுகளில் ஒன்றிலும் அதிகப்படியான மாதவிடாய்ப் போக்குக்கு இடமில்லை.

என் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிலிருந்தே ‘ரத்தம் கம்மி’. எங்கள் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் ரத்தம் கம்மிதான் என்பதால் அது ஒரு நோய் என்றே யாரும் நினைக்கவில்லை. கறுப்பு, சிவப்பு என்று நிறம் சொல்வது மாதிரி அதுவும் ஓர் அடையாளம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போதெல்லாம் சத்து மாத்திரை கொடுப்பார்கள். சாப்பிட்டால் வயிறு இறுகிக்கொள்ளும், வாயில் துருப்பிடித்த வாசனை வரும். இரண்டு நாள் சாப்பிட்டு மூன்றாம் நாள் நிறுத்திவிடுவாள். பிரிக்காத அட்டைகள் தையல் மெஷின் டிராயரில் கிடக்கும். முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு, சாப்பிட்டவுடன் டீ குடிக்காதே என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார்கள். நாற்பத்து மூன்றாவது வயதில் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். ஹீமோகுளோபின் 6.4. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகுதான் ஒரு டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து ஸ்கேனுக்கு அனுப்பினார். கர்ப்பப்பை நிறையக் கட்டிகள். ஏழெட்டு வருஷமாக மாதம் ஒன்பது நாள், பத்து நாள் என்று கட்டி கட்டியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

“இத்தனை வருஷம் மாத்திரை குடுத்தாங்களே, யாரும் கேக்கலையாம்மா?” என்றேன்.

“என்ன சாப்புடுறேன்னு கேட்டாங்க. எத்தனை நாள் போகுதுன்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனாடி?”

நானும்தான் கேட்கவில்லை. அவள் துணியை எங்கே காயப் போடுவாள் என்று எனக்குத் தெரியும். இரவில் எத்தனை முறை எழுந்து போனாள் என்பதும் தெரியும். பெண்ணியம் பேசத் தொடங்கிய காலம் வேறு. ஆகவே அந்த நர்சம்மாக்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர்கள் கையில் இருந்த நோட்டில் அதற்கு ஒரு கட்டம் இருக்கவில்லை. கட்டம் போடுகிறவர்கள் எங்கே உட்கார்ந்து போடுகிறார்கள் என்பதுதான் என் அக்கறை.

‘சான்றுகளின் அடிப்படையிலான கொள்கை’ என்ற சொற்றொடர் இப்போது எல்லா அரசு ஆவணங்களிலும் புழங்குகிறது. அறிவியல் சான்று ஒரு பக்கம், அரசியல் மறுபக்கம், நல்ல அரசு என்றால் சான்றைக் கேட்டு நடக்கும் என்று நாமும் நம்பிப் பழகிவிட்டோம். சான்று தானாக வந்து கதவைத் தட்டுவதில்லை. யாரோ எதையோ கேட்டதால் கிடைக்கும் பதில் அது. கேட்காத கேள்விக்குச் சான்று இருக்காது. சான்று இல்லாத விஷயத்துக்குத் திட்டம் இருக்காது. திட்டம் இல்லாததால் மறுபடி கேட்பதற்கும் யாருக்கும் அவசியம் வராது. ரத்தசோகையைப் பொறுத்தவரை இந்த வட்டம் எப்படிப் போடப்பட்டிருக்கிறது என்பதை ஆவணங்களின் மொழியிலேயே பார்க்க முடியும்.

பயனாளிப் பிரிவுகளையே எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கு இரண்டு பிரிவு, வளரிளம் பருவத்தினருக்கு ஒன்று. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள். மிச்சமிருக்கும் ஆறாவது பிரிவு 20 முதல் 49 வயதுவரையான, இனப்பெருக்க வயதுப் பெண்கள். அவர்களைக் குறிப்பிடும் விதம் இதுதான்: கர்ப்பமாக இல்லாத, பாலூட்டாத பெண்கள். ஒரு பெண்ணின் வாழ்நாளில் மிக நீண்ட காலத்துக்கு ஆவணத்தில் சொந்தமாக ஒரு பெயர் இல்லை. என்னவாக இல்லை என்பதை வைத்துத்தான் அவளை அடையாளம் காட்ட முடிகிறது. அவளுக்கு வாரம் ஒரு சிவப்பு மாத்திரை. 49 முடிந்ததும் பட்டியலை விட்டே போய்விடுகிறாள். மாதவிடாய் நிற்கப்போகும் வருடங்களில்தான் பலருக்குப் போக்கு தாறுமாறாகிறது என்பதை நம் வீடுகளில் கேட்டாலே தெரியும். ஆண்கள் பட்டியலிலேயே இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) நான்கில் ஓர் ஆணுக்கு ரத்தசோகை இருப்பதாகக் கண்டிருந்தும் இல்லை. ரத்தசோகையை இந்த ஆவணம் தாய்மையின் பிரச்சினையாகவே பார்க்கிறது. பெற்றவள், பெறப்போகிறவள், பெறக்கூடியவள்.

தாய்மையிலிருந்து தொடங்கியது தற்செயல் அல்ல. மாத்திரையில் இருக்கும் ஃபோலிக் அமிலத்தின் கதை சென்னைத் திருவல்லிக்கேணி வழியாகவும் போகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகைக்கு ஆளாகிக்கொண்டிருந்தார்கள். யார் என்ன சாப்பிடுகிறார்கள், எந்த வகுப்புப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது என்று பார்த்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் சில மாதங்கள் ஆய்வு செய்தார். 1931இல் சென்னையில் அவர் வேலை பார்த்த இடம், இன்றும் நாம் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பண்டம் இந்த ரத்தசோகையைக் குணமாக்குகிறது என்று அவர் அதே ஆண்டு எழுதினார். அதில் இருந்த, பெயர் தெரியாத அந்தப் பொருளை ‘வில்ஸ் காரணி’ என்றார்கள். பிறகு அதுதான் ஃபோலேட் என்று தெரிந்தது. இன்று பெரியவர்களுக்கான ஒவ்வொரு சத்து மாத்திரையிலும் 500 மைக்ரோகிராம் இருக்கிறது.

ஒரு பெண் விஞ்ஞானி, பெண்களுக்கான மருத்துவமனையில், ஏழைப் பெண்களிடமிருந்து கற்ற அறிவு என்று இதைக் கொண்டாட எனக்குப் பிடிக்கும். கொண்டாடவும் வேண்டும்; அந்த மாத்திரை எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்த அறிவில் இரண்டு பாதிகள் இருந்தன. ஆலைத் தொழிலாளியின் தட்டில் என்ன இருக்கிறது, ஏன் அதற்கு மேல் இல்லை என்பது ஒன்று. குறையும் சத்தின் பெயர் மற்றொன்று. அரசுகளின் கைக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது பாதி. தேசிய அளவிலான ரத்தசோகைத் தடுப்புத் திட்டம் இங்கே 1970இல் தொடங்கியது. அரை நூற்றாண்டாக மாத்திரையின் அளவும் நிறமும் பெயரும் மாறியிருக்கின்றன. வழி மாத்திரைதான்.

அதன் விளைவை ஆய்வுகள் காட்டின. குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில் (2015–16) இந்தியப் பெண்களில் 53.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஐந்தாம் சுற்றில் அது 57.0. தமிழ்நாட்டில் 55.0இலிருந்து 53.4க்குக் கொஞ்சம் இறங்கியது என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம். ஆனால் இங்கேயும் கர்ப்பிணிகளிடம் கூடியிருந்தது. கர்ப்ப காலத்தில் 100 நாளாவது மாத்திரை சாப்பிட்டதாகச் சொன்னவர்கள் நாடு முழுக்க 30.3 விழுக்காட்டிலிருந்து 44.1 ஆனார்கள். மாத்திரை சாப்பிட்டவர்கள் கூடினார்கள், கர்ப்பிணிகளின் ரத்தசோகையும் குறையாமல் சற்றே கூடியது. ஆண்டுக்கு மூன்று புள்ளி குறைப்போம் என்பதுதான் 2018 ஆவணத்தின் இலக்கு.

சான்றை மதிக்கும் அரசு இங்கே என்ன கேட்டிருக்க வேண்டும்? மாத்திரை போதவில்லை என்றால் ரத்தம் வேறு எங்கே போகிறது என்று கேட்டிருக்கலாம். நடந்தது வேறு. அளந்த விதம் சரிதானா என்ற கேள்வி எழுந்தது. ஆறாம் சுற்றிலிருந்து ரத்தசோகைப் பரிசோதனை நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துத் தனி ஆய்வு நடத்தும் என்றார்கள்.

இந்த இடத்தில் நம்மில் பலர் அவசரப்பட்டோம். எண் சங்கடமாக இருந்தது, அதனால் எண்ணையே தூக்கிவிட்டார்கள் என்று எழுதினோம். நானும் அப்படித்தான் கோபப்பட்டேன். பிறகு படித்துப் பார்த்தபோது, அளவைக் குறை சொன்னவர்கள் பக்கம் நியாயம் இருப்பது தெரிந்தது. விரல் நுனியைக் குத்திப் பிதுக்கும்போது திசுநீரும் சேர்ந்து வருகிறது, முடிவு பிசகுகிறது. நரம்பு ரத்தத்தில் பார்ப்பதே நம்பகமானது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டியும் சொல்கிறது. எல்லைக்கோடு பற்றிய சர்ச்சையும் வெறும் சாக்கு அல்ல. பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராம், ஆணுக்கு 13 என்ற கோடு 1968இல் மிகச் சில ஆய்வுகளை வைத்து உலகத்துக்கெல்லாம் பொதுவாகப் போடப்பட்டது. இந்திய ஆய்வாளர்கள், தேசிய அளவில் 2016–18இல் குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நரம்பிலிருந்து எடுத்த ரத்த முடிவுகளை வைத்து, ஆரோக்கியமானவர்களை மட்டும் பிரித்துக் கணக்கிட்டு, நம் பிள்ளைகளுக்கு அந்தக் கோடு தாழ்வாக இருக்க வேண்டும் என்று 2021இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் எழுதினார்கள். அவர்கள் கோட்டை வைத்துப் பார்த்தால் ரத்தசோகை 30.0 விழுக்காட்டிலிருந்து 10.8 ஆகிவிடுகிறது.

ஒரே ஆய்வில், ஒரே பிள்ளைகளிடம், கோட்டை நகர்த்தியதும் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகள் குணமாகிவிட்டார்கள் என்று கேலி செய்வது சுலபம். அந்தக் கேலியை நான் செய்யப்போவதில்லை. தவறான எண்ணை, அது நமக்கு உதவுகிறது என்பதற்காகக் கட்டிப்பிடித்துக்கொள்வது பெண்ணியம் ஆகாது. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் நோயாளிகள் என்ற எண்ணே, எல்லாருக்கும் ஒரே மாத்திரை என்ற அலட்சியத்துக்கு வழிசெய்தது. ‘இங்க எல்லாருக்கும் ரத்தம் கம்மிதான்’ என்று எங்கள் ஊர் சொன்னதும் தேசிய அறிக்கை சொன்னதும் ஒன்றேதான்; இரண்டிலும் என் அம்மா தனியாகத் தெரியவில்லை.

ஆனால் இந்தச் சர்ச்சை முழுவதும் இரண்டு தரப்பும் பேசிக்கொண்டது ரத்தத்தின் அளவைப் பற்றி. விரலா நரம்பா, பன்னிரண்டா பதினொன்றா. கூடுதல் எண்ணை நம்பியவர்களும் சரி, குறைந்த எண்ணை நம்பியவர்களும் சரி, அந்த ரத்தம் குறைந்த வழியைப் பெண்களிடம் கேட்கவில்லை. ரத்தத்தைப் பார்க்கிறார்கள், ரத்தப்போக்கைக் கேட்பதில்லை. குடும்பநல ஆய்வின் மாநிலக் குறிப்பேட்டில் 15 முதல் 24 வயதுப் பெண்கள் மாதவிடாயின்போது சுகாதாரமான பொருளைப் பயன்படுத்துகிறார்களா என்று ஒரு வரி உண்டு. கறை வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறாளா என்பதில் அரசுக்கு ஆர்வம் இருக்கிறது. எவ்வளவு போகிறது என்பதற்கு வரி இல்லை. மாதாந்தரப் போக்கின் அளவு ஓர் உடல்நலச் செய்தியாக அந்த அறிக்கைகளில் என் கண்ணில் பட்ட இடம் ஒன்றே ஒன்று: கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண்களிடம் காரணம் கேட்கும் பகுதி. அங்கே பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிகப்படியான மாதவிடாய்ப் போக்கு அல்லது வலி. கர்ப்பப்பை இருக்கும்வரை கேட்பதில்லை. எடுத்துப் போட்ட பிறகு ஏன் எடுத்தாய் என்று கேட்கிறார்கள்.

அளக்க முடியாததை எப்படிக் கேட்பது என்று ஒரு பதில் வரும். இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்தில் பெண்கள் பயன்படுத்திய துணி, நாப்கின்களைச் சேகரித்து, அதிலிருந்து ரத்தத்தைப் பிரித்து அளந்து, 1966இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சுற்றுக்கு 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதிகம் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. அந்த அளவு போனால் 30 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போகிறது. பல ஆண்டுகள் மருத்துவம் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் எந்தப் பெண் தன் துணியை ஆய்வகத்துக்கு அனுப்பப்போகிறாள்? நடைமுறையில் மருத்துவர் ஊகித்தார், பெண் சொன்னதை மிகையென்று நினைத்தார். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2007இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த வரையறையை மாற்றியது. ஒரு பெண்ணின் உடல், மனம், சமூக வாழ்க்கை, அன்றாட வாழ்வின் தரம் ஆகியவற்றைக் குலைக்கும் அளவுக்குப் போனால் அது அதிகப் போக்கு. குலைகிறதா என்று யார் சொல்ல வேண்டும்? அவள்தான்.

இதை வெறும் கருணை என்று படிக்கக் கூடாது. அறிவியலுக்குள்ளேயே நடந்த மாற்றம் இது. மில்லிலிட்டர் மட்டும்தான் சான்று என்ற இடத்திலிருந்து, அவள் வாய்ச்சொல்லும் சான்று என்ற இடத்துக்கு வந்திருக்கிறார்கள். இத்தனை நாள், இத்தனை துணி, கட்டியாக வருகிறதா, இரவில் எழ வேண்டியிருக்கிறதா, வேலைக்குப் போகாமல் இருந்தாயா. இந்தக் கேள்விகளுக்குக் கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஊசிகூட வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டு வாசலுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். நல்ல திட்டம், நான் மனதாரப் பாராட்டுவேன். வாசல்வரை வந்தவர் இந்த ஐந்து கேள்வியைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

கேட்டால் சில சங்கடங்கள் வரும் என்பதும் உண்மை. காப்பர்-டி வைத்துக்கொண்டவர்களுக்கு மாதவிடாய்ப் போக்கு அதிகமாகலாம் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கும் செய்தி. பிரசவமான கையோடு காப்பர்-டி வைப்பதைக் குடும்பநலத் துறை பல ஆண்டுகளாக ஊக்குவிக்கிறது. அதே துறையின் இன்னொரு மேசையில் இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரே சுகாதார நிலையம், ஒரே பெண், ஆனால் இரண்டு பதிவேடுகள். முதல் பதிவேட்டில் போக்கு ‘பக்க விளைவு’. நாளடைவில் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பலாம். இரண்டாவது பதிவேட்டில் அது இல்லவே இல்லை. நான் காப்பர்-டிக்கு எதிரி அல்ல. ஐந்தாம் சுற்று ஆய்வின்படி கருத்தடைக்காக அறுவை செய்துகொண்டவர்கள் பெண்களில் 37.9 விழுக்காடு, ஆண்களில் 0.3 விழுக்காடு என்று இருக்கும் நாட்டில், கத்தி வைக்காத ஒரு வழி பெண்ணுக்கு வேண்டியதுதான். ஆனால் முதல் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த சான்று இரண்டாவது மேசைக்கு ஏன் போய்ச் சேருவதில்லை? அவளுடைய கருப்பை ஒரு துறைக்கும் ரத்தம் இன்னொரு துறைக்கும் சொந்தமானதுபோல் நடந்துகொள்கிறார்கள்.

‘பக்க விளைவு’ என்ற சொல்லோடு நம் இயக்கங்களுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1985இல் ஐதராபாத்துக்கு அருகே பட்டாஞ்சேரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெட்-என் என்ற கருத்தடை ஊசியைப் பெண்களுக்குப் போட முகாம் நடந்தது. அது ஒரு சோதனை என்பது வந்திருந்த பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. ஸ்திரீ சக்தி சங்கடனா தோழர்கள் போய்ப் பேசினார்கள். மறு ஆண்டு அவர்களும் சஹேலி போன்ற அமைப்புகளும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். மாதவிடாய் ஒழுங்கு குலைவதை அற்பத் தொந்தரவாக எடுத்துக்கொள்ளலாமா என்பது அந்த விவாதங்களின் நடுவில் இருந்த கேள்வி. விலக்கு, தீட்டு என்று ஒதுக்கும் வீட்டில், தண்ணீர் தூரத்திலிருந்து வரும் ஊரில், கூலி வேலைக்குப் போகும் உடம்பில் பத்து நாள் போக்கு அற்பமா என்று அந்தத் தலைமுறை கேட்டது. விஞ்ஞானத்துக்கு எதிரிகள் என்று அவர்களைச் சொன்னவர்கள் உண்டு. கூடுதல் சான்று கேட்டவர்கள் அவர்கள்தான் என்பதை இப்போது திரும்பிப் பார்க்கும்போது சொல்லத் தோன்றுகிறது.

அரிசி விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்த வாசிப்பு முடியாது. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர், அரசுத் திட்டங்களில் வழங்கும் அரிசி முழுவதும் 2024க்குள் செறிவூட்டப்படும் என்று அறிவித்தார். அரிசிமாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாதிரியே வார்த்து, நூறு மணிக்கு ஒரு மணி என்று கலந்தார்கள். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை இதை 2028 டிசம்பர்வரை நீட்டித்து 17,082 கோடி ரூபாய் ஒதுக்கியது. இதற்கான சான்று எப்படி இருந்தது? அறிவிப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2019இல், காக்ரேன் அமைப்பு அதுவரையான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, செறிவூட்டிய அரிசியால் ரத்தசோகை ஏற்படும் அபாயத்தில் மாற்றம் சொற்பமாக இருக்கலாம் அல்லது இல்லாமலே போகலாம் என்று எழுதியிருந்தது. உறுதியான மறுப்பு அல்ல, ஆய்வுகள் போதாது என்ற தயக்கமும் அதில் உண்டு. அப்படியொரு தயக்கத்தின் மேல் 17,082 கோடி ரூபாயை வைக்க முடிகிறது. ஐந்து கேள்விகளை ஒரு நோட்டில் சேர்ப்பதற்கு மட்டும் முதலில் சான்று கொண்டுவா என்கிறார்கள்.

ரேஷன் கடையில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊற வைத்தால் மிதக்கிறது, பிளாஸ்டிக் அரிசி என்று பேச்சு கிளம்பியது. அதிகாரிகள் விளக்கம் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா முறத்தில் பரப்பி, மஞ்சளாகத் தெரிந்த மணிகளைக் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இதை அறியாமை என்று எழுதியவர்களைப் படித்தேன். எனக்கு அப்படிப் படவில்லை. தன் வீட்டு உலையில் என்ன போடப்படுகிறது என்று யாரும் தன்னிடம் சொல்லாதபோது, தெரியாத பொருளைப் பொறுக்கி எறிவது சமையல் தெரிந்த யாரும் செய்யும் காரியம். அந்த அக்காவுக்கும் ரத்தம் கம்மி. அவரிடமும் யாரும் போக்கைப் பற்றிக் கேட்டதில்லை. நான் கேட்டபோது, முதலில் சிரித்தார், பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து அரைமணி நேரம் பேசினார்.

மொழிபெயர்ப்பு வேலைக்குத் திரும்ப வேண்டும். உணவு சாராத காரணங்கள் என்ற இடத்தில் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று வேலை கொடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. மொழிபெயர்ப்பாளராக அதில் தவறு காண எனக்கு வழியில்லை. மூன்று காரணங்களோடு கையேடு அச்சானது.

அதை வைத்து நடந்த பயிற்சிக்குப் பார்வையாளராகப் போயிருந்தேன். தேநீர் இடைவேளையில், பணி ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிராம சுகாதாரச் செவிலியரிடம் அம்மாவின் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து தன் நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் பென்சிலால் பெயர்கள், பெயருக்குப் பக்கத்தில் எண்கள். 4, 5, 4, 9, 5, 11. “இந்த ஒம்பதும் பதினொண்ணும் மாத்திரையில ஏறாதும்மா. எப்படியாவது பேசிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன்” என்றார். ஆப்பில் இதை எங்கே ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். அதற்கு இடம் இல்லை என்றார். நோட்டு தீரும்போது அடுத்த நோட்டின் பின்பக்கத்தில் அவரே திரும்ப எழுதிக்கொள்வாராம்.